புது எர்டிகாவா, 2012 லாரா ஆர்.எஸ்.ஸா?

நொய்யல்கரை எழுதியது:

வணக்கம். நான் கோவை வடவள்ளியில் குடியிருக்கிறேன். அலுவலகம் சரவணம்பட்டியில் இருப்பதால், போக வர நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். வீட்டில் மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா. இப்போது எங்களிடம் இருப்பது 1,62,000 கிலோமீட்டர் ஓடிய 2013 ஸ்விஃப்ட் டீசல். அதைக் கொடுத்துவிட்டு வேறு கார் வாங்கலாம் என்று நினைக்கிறேன். கையில் 8 இலட்சம் ரூபாய் இருக்கிறது.

அறிவு சொல்லும் கார் புது எர்டிகா பெட்ரோல். ஊரிலிருந்து அக்கா குடும்பம் வந்தாலும் ஏழு பேர் ஒரே வண்டியில் போகலாம், எந்தச் சிற்றூரிலும் சர்வீஸ் கிடைக்கும், விற்கும்போது விலையும் போகும். மனம் சொல்லும் கார், கோவை ராமநாதபுரத்தில் ஒருவர் விற்பனைக்கு வைத்திருக்கும் 2012 ஸ்கோடா லாரா ஆர்.எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 160 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். 5,75,000 ரூபாய் கேட்கிறார்.

இந்த ஆசை நேற்று முளைத்ததன்று. அந்தக் கார் புதிதாக வந்த காலத்தில் அலுவலக நண்பர் ஒருவர் வாங்கியிருந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் சாலையில் ஒரு நாள் என்னை ஓட்டச் சொன்னார். கொண்டை ஊசி வளைவில் திரும்பியவுடன் வழக்கம்போல இரண்டாம் கியருக்கு இறக்கக் கை போனது; அவர் தடுத்து, மூன்றிலேயே அழுத்தச் சொன்னார். முழு ஆள் பாரத்துடன் அந்த ஏற்றத்தில் கார் மூன்றாம் கியரிலேயே எழுந்து போனதை இன்றும் முதுகு மறக்கவில்லை. அப்போது என் சம்பளத்தில் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது; இப்போது முடிகிறது என்பதுதான் சிக்கல். அனுபவம் உள்ளவர்கள் இரண்டு பக்கமும் பேசுங்கள்.


கணக்கன் (ஈரோடு) எழுதியது:

ஆசையை ஒதுக்கிவைத்து ரூபாயை மட்டும் பார்ப்போம். நான் எர்டிகாவுக்குச் சாதகமாக எழுத உட்கார்ந்தேன். கணக்கு நான் நினைத்த பக்கம் முழுதாகச் சாயவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் பார்க்கும் எர்டிகாவின் ஷோரூம் விலை 11 இலட்சம் என்று கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு 10 இலட்சத்துக்கு மேல் 20 இலட்சம் வரையுள்ள கார்களுக்கு ஆயுள் வரி 18 சதவீதம். ஆகவே வரி மட்டுமே 1,98,000 ரூபாய். காப்பீடும் மற்றவையும் சேர்ந்தால் சாலைக்கு வரும்போது 13.5 இலட்சத்தை ஒட்டி நிற்கும். நீங்கள் 5 இலட்சம் கட்டி மீதி 8.5 இலட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால், மாதத் தவணை 17,650 ரூபாய் அளவில் வரும், மொத்த வட்டி 2 இலட்சத்தைத் தாண்டும்.

லாராவுக்கு ஆயுள் வரியை முதல் உரிமையாளர் கட்டிவிட்டார். பெட்ரோலில் மட்டும் அது அதிகம் தின்னும். கோவை நெரிசலில் லாரா லிட்டருக்கு 9 கிலோமீட்டரும் எர்டிகா 14 கிலோமீட்டரும் தருவதாக வைத்து, ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டருக்குப் பார்த்தால், லிட்டர் 101 ரூபாய் வீதம் வேறுபாடு ஏறத்தாழ 40,000 ரூபாய்தான். அதாவது, எர்டிகாவுக்கு முதல் நாளிலேயே அரசுக்குக் கட்டும் வரியைக் கொண்டு லாராவின் கூடுதல் பெட்ரோலை ஐந்து ஆண்டுக்கு ஊற்றலாம். மூன்றாம் நபர் காப்பீட்டில் 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு ஆண்டுக்கு 7,897 ரூபாய், 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். இது பெரிய வேறுபாடன்று.

பெட்ரோலை விட்டுவிட்டு மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, இந்த வயதுள்ள காருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. 5,75,000 ரூபாயும் உங்கள் கையிலிருந்தே போகும். இரண்டாவது, 2012-இல் பதிவான காரின் ஆர்.சி. 2027-இல் முடிகிறது. ஆர்.டி.ஓ.வில் தகுதிச் சோதனை, 5,000 ரூபாய் மறுபதிவுக் கட்டணம், பசுமை வரி ஆகியவற்றுக்குப் பிறகே அடுத்த ஐந்து ஆண்டு கிடைக்கும். 20 ஆண்டைத் தாண்டினால் மறுபதிவுக் கட்டணமே 10,000 ரூபாய் என்று 2025 ஆகஸ்டில் உயர்த்திவிட்டார்கள். மூன்றாவது பழுதுபார்ப்பு, அதற்கு என்னால் எண் தர முடியாது. பழுது பார்க்கிறவர் யாராவது வந்து சொல்லட்டும்.


பழைய_பிஸ்டன் (மதுரை) எழுதியது:

தனியார் பட்டறை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் ஜெர்மன் வண்டிகள்தான் வருகின்றன. கணக்கன் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

லாரா 1.8 டி.எஸ்.ஐ.யில், அதாவது நீங்கள் சொல்லும் டர்போ பெட்ரோல் வண்டியில், இருப்பது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ888 குடும்பத்தைச் சேர்ந்த இஞ்சின். அதே காலத்துச் சூப்பர்பிலும் இதே இஞ்சின் இருந்ததால், லாரா விற்பனை நின்று பல ஆண்டுகள் ஆகியும் இஞ்சின் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. கதவுக் கண்ணாடி, ஹெட்லைட், ஆர்.எஸ்.ஸுக்கே உரிய பம்பர் போன்றவைதான் ஆளை அலைய வைக்கும். ஒரு பம்பரை உடைத்துக்கொண்டு இரண்டு மாதம் காத்திருப்பவர்கள் உண்டு.

இந்த இஞ்சினில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து இயங்க வைப்பது பெல்ட் இல்லை, டைமிங் செயின்தான். செயின் இருந்தால் ஆயுள் முழுதும் கவலையில்லை என்று விற்பவர் சொல்வார், நம்ப வேண்டாம். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் வேலை செய்வது. இஞ்சின் அணைந்து அழுத்தம் இறங்கியபின் அதைப் பின்னுக்குப் போகவிடாமல் பிடிப்பது ஒரு சிறு பல்பூட்டு மட்டுமே. முற்காலத்து டென்ஷனர்களில் அந்தப் பூட்டு நழுவினால், அடுத்த முறை சாவி திருப்பும்போது செயின் பல் தாண்டிவிடும். பிஸ்டனும் வால்வும் மோதும். பிறகு இஞ்சின் தலையைக் கழற்றி மேசைமேல் வைத்துத்தான் பேச வேண்டும். இதனால்தான் இந்த வண்டிகளை மலைச் சரிவில் கியரில் மட்டும் போட்டு நிறுத்தக் கூடாது, ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுக்க வேண்டும் என்கிறோம்: வண்டி பின்னோக்கி உருள முயன்றால் இஞ்சின் எதிர்த்திசையில் சுழலப் பார்க்கும், செயின் டென்ஷனரை நெருக்கும்.

இதைச் சோதிக்க வழி உண்டு. இரவு முழுதும் நின்று ஆறிய இஞ்சினைக் காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது, இஞ்சினின் செயின் பக்கம் காது கொடுத்து நில்லுங்கள். முதல் ஓரிரண்டு விநாடி கரகரவென்று சங்கிலி உதறும் ஓசை வந்தால் செயின் செட் மாற்றும் காலம் வந்துவிட்டது. செயின் மூடியில் உள்ள சிறு அடைப்பைக் கழற்றினால், உள்ளே இருப்பது பழைய வகை டென்ஷனரா திருத்திய வகையா என்று டார்ச் அடித்தே சொல்லிவிடலாம். ஸ்கேன் கருவியில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டின் கோண விலகலைப் படித்தால், செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதும் தெரியும்.

அடுத்தது ஆயில். இந்தத் தலைமுறையில் பிஸ்டனின் ஆயில் ரிங் துளைகள் கரி பிடித்து அடைபட்டால் இஞ்சின் ஆயில் குடிக்கும். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குடிப்பது இயல்பு என்பது தயாரிப்பாளர் கையேட்டின் கணக்கு. ஸ்விஃப்ட் ஓட்டிய உங்களுக்கு அந்த இயல்பே அதிர்ச்சியாக இருக்கும். மேலும், இதில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால், உள்ளிழுக்கும் வால்வுகளின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதில்லை. அங்கே ஆண்டுக்கணக்கில் கரி ஏறும். வால்நட் ஓட்டுத் தூளை வேகக் காற்றில் அடித்துத்தான் அதை அகற்றுவோம்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதன் ஆக்டேன் எண் 95-ஐ ஒட்டியது என்பதால், டர்போ இஞ்சினில் தட்டல் (பெட்ரோல் நேரம் தவறித் தானே வெடிப்பது) வரும் என்ற பயம் வேண்டாம். 2012 வண்டியின் ரப்பர் குழாய்களும் சீல்களும் அந்த அளவு எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதுதான் பயப்பட வேண்டிய இடம். பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 வழித்திட்டமே சொன்னது. கணக்கன் ஐயா அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பணம் எவ்வளவு என்று கேட்டால், வாங்கிய நாளே 1.5 இலட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டுப் பூட்டுங்கள். அதன்பின் ஆண்டுக்கு 60,000 முதல் 80,000 வரை. எந்த ஆண்டில் அது 15,000-த்தோடு நிற்கும், எந்த ஆண்டில் இரண்டு இலட்சமாகும் என்பதை நானும் சொல்ல மாட்டேன், வேறு எந்த மெக்கானிக்கும் நேர்மையாகச் சொல்ல மாட்டார்.

ஒரு நல்ல செய்தி: இந்த வண்டியில் கியர் மேனுவல். அதே குழுமத்தின் உலர் கிளட்ச் ஏழு கியர் டி.எஸ்.ஜி. தானியங்கியாக இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டேன். “வேண்டாம்” என்று ஒரு சொல்லில் முடித்திருப்பேன்.


ஏழாம்_வளைவு (பொள்ளாச்சி) எழுதியது:

மாதம் ஒரு முறையாவது ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறுகிறவன் நான். 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தச் சாலையில் 160 குதிரைத்திறனை முழுதாகப் பயன்படுத்த எங்கே இடம் இருக்கிறது? ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குள் அரசுப் பேருந்து எதிரே வந்துவிடும். அங்கே இன்பம் தருவது எடை குறைந்த, ஸ்டீயரிங் பேசும் சிறிய கார். 2020-க்குப் பிறகு வந்த போலோ 1.0 டி.எஸ்.ஐ. மேனுவலைப் பாருங்கள், 110 குதிரைத்திறன், ஆறு கியர், வயதும் குறைவு. உங்கள் இரண்டு ஆசைக்கும் நடுவே அது நிற்கும்.


நொய்யல்கரை எழுதியது:

பழைய பிஸ்டன் ஐயாவுக்கு நன்றி, அச்செடுத்து வைத்துக்கொண்டேன். ஏழாம் வளைவு நண்பர் சொன்ன போலோ நல்ல கார்தான். ஆனால் அதில் அம்மாவுக்குப் பின் இருக்கை நெருக்கம், எனக்கு அது கோத்தகிரி சாலையின் நினைவுமில்லை. இருவருக்கும் அரைகுறையாகவே போய்ச் சேரும். லாராவின் டிக்கி 560 லிட்டர் என்பதை யாரும் கவனிக்கவில்லையே! மூன்றாம் வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது எர்டிகாவில் மிஞ்சுவது 209 லிட்டர்தான். ஏழு பேரை ஏற்றினால் ஏழு பேரின் பைகளை எங்கே வைப்பது?


வெண்பூவரசு (சென்னை) எழுதியது:

நான் ஒரு பழைய ஜெர்மன் செடானை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தேன். எந்த நிறுவனத்தினது என்பது இங்கே தேவையில்லை. வீட்டில் இருந்த ஒரே கார் அதுதான் என்பது மட்டும் தேவை.

கணக்கன் ஐயாவின் பட்டியலில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது: கார் வீட்டில் இல்லாத நாட்கள். இரண்டாம் ஆண்டில் நான் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அந்த ஆண்டு 31 நாட்கள் கார் பட்டறையில் இருந்தது. அதில் பழுது பார்த்தது மொத்தம் ஐந்து நாள் இருக்கும். மீதி நாட்களெல்லாம் ஒரு கூலன்ட் குழாய்க்கும், ஒரு சென்சாருக்கும், தவறாக வந்த சென்சாரைத் திருப்பி அனுப்பியதற்கும். செலவு என்னவோ 40,000-க்குள் முடிந்தது. ஆனால் அந்த 31 நாட்களில் ஒரு நள்ளிரவு மகளுக்கு 103 டிகிரி காய்ச்சல், மழை, கூப்பிட்ட வாடகைக் கார் இரண்டு முறை ரத்தாகி, மூன்றாவதாக ஒரு ஆட்டோ வந்தது. அவள் என் மடியில் நடுங்கிக்கொண்டிருந்த அந்த இருபது நிமிடத்தில், ஏழாயிரம் ஆர்.பி.எம்.மில் அந்த இஞ்சின் எழுப்பும் ஓசை எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இதைச் சொல்லி உங்களைத் தடுக்க வரவில்லை. ஓட்டிய நாட்கள் எனக்குப் பிடித்தவை; இன்று இருக்கும் காரில் அப்படி ஒரு நாள்கூட இல்லை. நான் செய்த தவறு, பழைய காரை வாங்கியதன்று. அதை வாங்குவதற்காக ஓடிக்கொண்டிருந்த சிறிய காரை 1,40,000 ரூபாய்க்கு விற்றது. அந்தப் பணம் எங்கே போயிற்று என்றுகூட நினைவில்லை.

ஆகவே ஒரு கேள்வி. ஸ்விஃப்டை ஏன் கொடுக்க வேண்டும்? 2013 வண்டிக்கு 2028 வரை ஆர்.சி. இருக்குமே. இன்னொரு கேள்வி: கடந்த ஓர் ஆண்டில் உங்கள் வண்டியில் ஏழு பேர் ஏற வேண்டிய நாட்கள் எத்தனை? உத்தேசமாகச் சொல்லாமல், எண்ணிச் சொல்லுங்கள்.


பாதைவிலக்கு (சேலம்) எழுதியது:

இத்தனை பேசியும் பாதுகாப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. கார்களை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2024-இல் சோதித்த எர்டிகா, பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமே பெற்றது. அதன்பின் 2025-இல் ஆறு காற்றுப்பைகளை எல்லா வகைகளிலும் கொடுத்துவிட்டார்கள். லாராவின் ஐரோப்பிய வடிவமான இரண்டாம் தலைமுறை ஆக்டேவியா 2004-இல் யூரோ என்கேப்பில் நான்கு நட்சத்திரம் பெற்றது. இந்த இரண்டு எண்ணையும் அருகருகே வைத்து, பழையதுதான் பாதுகாப்பு என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். 2004-இன் விதிகள் வேறு, 2024-இன் விதிகள் வேறு. 14 ஆண்டு ஓடிய காரின் காற்றுப்பையும் பெல்ட்டும் புதிதாக இருந்தபோது போலவே வேலை செய்யும் என்பதற்கும் உறுதியில்லை. முன்பு அடிபட்டுத் தகடு வெட்டி ஒட்டிய வண்டியென்றால் அந்த நட்சத்திரங்களுக்குப் பொருளே இல்லை.


கணக்கன் (ஈரோடு) எழுதியது:

வெண்பூவரசு அம்மா சொன்னது சரி. அந்த வரி என் பட்டியலில் இல்லை. ஸ்விஃப்டை வைத்துக்கொள்வதென்றால் ஒப்பீடே மாறிவிடுகிறது. இரண்டு கார் என்றால் காப்பீடு, நிறுத்துமிடம், டயர், பேட்டரி என எல்லாம் இரட்டிக்கும். ஆனாலும் 13.5 இலட்சத்தின் பக்கத்தில்கூட வராது. ஏழு பேருக்கு வேண்டிய நாளில் வாடகை இன்னோவா எடுத்துக்கொள்ளலாம். நொய்யல்கரை எண்ணிச் சொல்லட்டும்.


நொய்யல்கரை எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும். முதலில் எண்ணிக்கை. நானும் மனைவியும் கைப்பேசிப் படங்களைத் தேதி வாரியாகப் பார்த்து எண்ணினோம். கடந்த ஆண்டில் ஏழு பேர் சேர்ந்து பயணம் செய்தது ஆறு நாட்கள்: பொங்கலுக்கு இரண்டு, பழனிக்கு ஒன்று, ஒரு திருமணத்துக்கு மூன்று. நான் இருபது, இருபத்தைந்து என்று நினைத்திருந்தேன். மனைவி எதுவும் சொல்லாமல் எர்டிகாவின் விலைப்பட்டியலை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

அடுத்து லாரா. ஞாயிறு காலை 6.30-க்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். போனவுடன், இஞ்சின் ஆறியிருக்கிறதா என்று பார்க்கப் பானெட்டின்மேல் கையை வைத்தேன், இளஞ்சூடாக இருந்தது. காலையிலேயே பால் வாங்கப் போய்வந்ததாக விற்பவர் சொன்னார். அவர் குடியிருப்பின் வாசலிலேயே பால் பூத் இருக்கிறது. ஆக, செயின் ஓசையைக் கேட்கும் வாய்ப்பு அன்றைக்குப் போயிற்று.

இருந்தாலும் ஓட்டினேன். அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். திருச்சி சாலையில் சிங்காநல்லூர் தாண்டியதும் மூன்றாம் கியரில் அழுத்தினேன். 14 ஆண்டுக்கு முன் கோத்தகிரியில் முதுகு உணர்ந்தது அப்படியே திரும்பி வந்தது, கைகள் வியர்த்துவிட்டன. அம்மா பின்னால் இருந்தபடி, “கதவு சாத்துற சத்தம் கனமா நல்லா இருக்கு” என்றார். ஆனால் இறங்கும்போது இருக்கை தாழ்வாக இருந்ததால் என் தோளைப் பிடித்துத்தான் எழுந்தார். ஸ்விஃப்டிலும் அப்படித்தான் எழுவார் என்பதையும் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்து, மனம் ஏறக்குறைய முடிவு செய்துவிட்ட நிலையில், டயர்களின் பக்கவாட்டு எண்களைப் பார்த்தேன். முன் இரண்டிலும் 3619, பின் இரண்டிலும் 1417. அதாவது பின் டயர்கள் 2017-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரத்தில் செய்தவை; ஒன்பது ஆண்டாகின்றன. அதுகூடப் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். பிறகு சர்வீஸ் ரசீதுகளைக் கேட்டேன். ஒரு பிளாஸ்டிக் உறையில் கொத்தாகக் கொடுத்தார். கடைசி ரசீது 2021-ஐச் சேர்ந்தது. அதில் எழுதியிருந்த ஓட்டம் 91,400 கிலோமீட்டர். காரின் மீட்டரில் அன்று நான் பார்த்தது 86,212.

விற்பவரிடம் காட்டினேன். இடையில் மீட்டர் கன்சோல் பழுதாகி வேறொன்று மாற்றியதாகச் சொன்னார். உண்மையாகவே இருக்கலாம், அதற்கு ரசீது இல்லை. விலையில் 75,000 குறைப்பதாகத் தானாகவே முன்வந்தார். நான் கேட்காமலே அவ்வளவு குறைத்தது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இப்போதைய நிலை இதுதான். எர்டிகாவுக்கு முன்பணம் கட்டவில்லை. ஸ்விஃப்டுக்கு கிளட்ச் செட், முன் ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் மாற்ற 46,000 ரூபாய் ஆனது. சனிக்கிழமை வண்டி வந்தது, கிளட்ச் மிதி வெண்ணெயாக இறங்குகிறது. மீதிப் பணத்தில் 2 இலட்சத்தை மனைவி பெயரில் போட்டிருக்கிறேன். லாரா எப்போது வந்தாலும் அந்தப் பணம் இல்லாமல் வராது என்பது வீட்டு ஒப்பந்தம். திருச்சியில் முதல் உரிமையாளரிடமே உள்ள ஒரு 2012 வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். டென்ஷனர் மாற்றிய ரசீது இருக்கிறதாம். அடுத்த மாதம் போகலாமா என்று பார்க்கிறேன்.


பழைய_பிஸ்டன் (மதுரை) எழுதியது:

விட்டுவிட்டு வந்தது சரி. திருச்சி வண்டிக்கு முதல் நாளே போய் அங்கேயே தங்குங்கள். மாலையில் ஒரு முறை பார்த்துவிட்டு, காலை ஆறு மணிக்குப் போன் செய்யாமல் வாசலில் நில்லுங்கள். டார்ச்சும் ஒரு வெள்ளைத் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ்டிக்கை அந்தத் துணியில் துடைத்து அளவைப் பாருங்கள், பிறகு ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். நேற்று ஊற்றிய ஆயில் போலத் தேன் நிறத்தில் பளிச்சென்று இருந்தால், எதற்காக மாற்றினார் என்று கேளுங்கள். டென்ஷனர் ரசீதில் பாக எண் இருக்கும். அதைப் படமெடுத்து இங்கே போடுங்கள், திருத்திய வகைதானா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.